காப்பியடிக்கவும் ஒரு தில் வேண்டும்!

பரீட்சை ஹாலில் காப்பியடித்தால் வெளியே தள்ளுவார்கள். அமெரிக்காவின் சிகாகோவில் கிளம்பிய ஒரு கோஷ்டி, காப்பியடிப்பதையே முழுநேர உத்தியோகமாக வைத்துக்கொண்டு ஊர் ஊராகப் போகிறது. ஜனங்கள் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறார்கள்!

கோஷ்டியின் பெயர் டார்க் ஸ்டார் ஆர்கெஸ்ட்ரா. அவர்கள் காப்பியடிப்பது, 1965-ல் கலிஃபோர்னியாவில் ஆரம்பித்த 'கிரேட்ஃபுல் டெட்' என்ற குழுவை. சைக்கடெலிக் ராக்கின் தாத்தாக்கள். (சைக்கடெலிக் என்றால்? பாட்டு வீட்டை விட்டுக் கிளம்பி, அரை மயக்கத்தில் ஊரெல்லாம் சுற்றி, இஷ்டப்பட்டால் திரும்பி வரும்.) இவர்களுடைய 'டார்க் ஸ்டார்' பாட்டு 1968-ல் இசைத்தட்டாக வந்தபோது மூன்று நிமிஷம்கூட இல்லை. 1969-ல் வெளிவந்த மேடைப் பதிவில் அதே பாட்டு 23 நிமிஷம்!

கிடார் வாசித்துப் பாடிய ஜெர்ரி கார்சியா 1995 ஆகஸ்டில் காலமானார். முப்பது வருஷம், சுமார் 2,300 கச்சேரிகள். அத்தோடு கடையை மூடிவிட்டார்கள். ரசிகர்கள் அநாதையானார்கள்.

1997 நவம்பரில் சிகாகோவின் ஒரு சின்ன கிளப்பில் கீபோர்டு ஸ்காட் லார்னெட், கிடார் ஜான் காட்லசிக் முதலானோர் மேடையேறினார்கள். 'ஹிட்' பாட்டுகளைப் பொறுக்கி வாசித்தால் எல்லா கோஷ்டியும் மாதிரிதானே? இவர்கள் ஒரு பழைய கச்சேரியைத் தேதியோடு எடுத்துக்கொள்வார்கள். அன்று எந்த வரிசையோ இன்றும் அதே வரிசை. அந்த வருஷம் டிரம்ஸ் ஒருவர் என்றால் ஒருவர், இரண்டு பேர் என்றால் இரண்டு பேர். என்ன தேதி என்பது மட்டும் கடைசியில்தான் சொல்வார்கள். அதுவரை கீழே ரசிகர்கள், 'எழுபத்தி ரெண்டு', 'சான்ஸே இல்ல, எழுபத்தி ஏழு' என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இத்தனை துல்லியம் எப்படி? எல்லாம் கேசட் உபயம். கிரேட்ஃபுல் டெட் தங்கள் கச்சேரியை ரசிகர்கள் பதிவு செய்வதைத் தடுக்கவில்லை. 1984 முதல் அதற்கென்று தனி இடமே ஒதுக்கினார்கள். காசுக்கு விற்கக் கூடாது, மாற்றிக்கொள்ளலாம்.

நகல் கோஷ்டிக்கும் அதே தாராள மனசு. ரசிகர் ஒருவர் கூட்டத்தில் நின்று பிடித்த அவர்களுடைய பதிவு ஒன்றை ஹெட்போனில் கேட்டேன். அசலையும் கேட்டேன். பாட்டு வரிசை அச்சு அசல். ஆனால் கிடார் நடு வழியில் வேறு தெருவில் திரும்பிவிட்டது! அப்புறம்தான் சூட்சுமம் புரிந்தது. அசல் ஆசாமிகளே ஒரு பாட்டை இரண்டு தடவை ஒரே மாதிரி வாசித்ததில்லை. அதை ஸ்வரம் மாறாமல் வாசித்தால்தான் ஐயா அது தப்பான காப்பி! கேள்வித்தாள் பழசு, விடை சொந்தம்.

ஆபீஸில் பழைய ஃபைலைப் பார்த்து 'அதன்படியே' என்று டிராஃப்ட் போடுகிற நமக்கு இதில் கொஞ்சம் பாடம் இருக்கிறது.

2005-ல் சுற்றுப்பயணத்தின்போதே லார்னெட் மாரடைப்பில் இறந்தார். கோஷ்டி நிற்கவில்லை. 2009-ல் அசல் குழுவின் பாப் வேர், ஃபில் லெஷ் இருவரும் 'ஃபர்தர்' என்று புதுக் குழு ஆரம்பித்தபோது, கார்சியாவின் இடத்தில் கிடார் வாசிக்க யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? காட்லசிக்கை! அவர் காலி செய்த நாற்காலிக்கு ஜெஃப் மாட்சன் வந்தார். நகலுக்கே நகல்!

கோஷ்டியின் கச்சேரிக் கணக்கு 3,000-ஐத் தாண்டிவிட்டது. அசலைவிட அதிகம். காப்பியடித்தவன் வாத்தியாரைவிட அதிக மார்க் வாங்கினால், பேப்பர் திருத்துகிறவர் பாவம், என்னதான் செய்வார்!