கடனும் குறையும், வீடும் குளிரும்



சித்திரை வெயிலில் நம்ம நெல்லைச் சீமையில் காங்கிரீட் வீட்டுக்குள் இருக்க முடியுதா? கடன் வாங்கிக் கட்டியும் நிம்மதியில்லை.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் வாழ்ந்தவர் லாரி பேக்கர் (1917-2007). இங்கிலாந்தில் பிறந்த கட்டிடக் கலைஞர். அங்குள்ள வளர்ச்சி ஆய்வு மையத்தை 1970-களில் அவர் கட்டினார். செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிய சுவர் வழியாகவே காற்றும் வெளிச்சமும் வரும்.

அவர் பரப்பிய இன்னொரு முறை 'எலிப்பொறிக் கட்டு'. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி 9 அங்குலச் சுவர் எழுப்பணும். சுவருக்குள் வெற்றிடம் இருக்கும். அதில் அடைபட்ட காற்று, வெளிச்சூடு உள்ளே வருவதைக் குறைக்கும். செங்கலும் சுமார் கால் பங்கு மிச்சம். 8,000 வாங்குகிற இடத்தில் 6,000 போதும். மண்ணும் சூளை விறகும்கூட மிச்சம்தானே!

ஒன்று கவனம்: அடி வரிசை, ஜன்னல் அடிமட்டம், லிண்டல், கூரை மட்டம் இங்கெல்லாம் வெற்றிடம் விடக்கூடாது. பழகிய கொத்தனாரிடமே வேலையைக் கொடுங்க.

வீட்டுக் கடன் கேட்கும் முன், இரண்டு முறைக்கும் மதிப்பீடு வாங்குங்க. குழுக் கூட்டத்தில் வைத்துக் கணக்குப் பாருங்க. அப்புறம் கடன் தொகையை எழுதுங்க.