வேகம் இல்லையென்றால் எடை

வேட்டைக்கு ரிவால்வர் எடுத்துப் போகிறவர் ஒரு குறையோடுதான் கிளம்புகிறார். ரைபிளின் குழல் இரண்டடி நீளம். அதற்குள் வெடிமருந்து நிதானமாக எரிந்து குண்டைத் தள்ள இடம் உண்டு. .30-06 ரைபிள் குண்டு நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் பறக்கும். ஆறேழு அங்குலக் குழலை வைத்துக்கொண்டு அந்த வேகத்துக்கு ஆசைப்பட முடியாது. .44 மேக்னம் போன்ற வலுவான ரகத்திலேயே 365 முதல் 430 மீட்டர்தான் கிடைக்கும். வேகம் இல்லையென்றால் எடை. ரைபிளின் 11, 12 கிராம் குண்டுக்குப் பதிலாக 16 முதல் 20 கிராம் வரை எடையுள்ள, மூக்கு தட்டையான ஈயக் குண்டு. அது மானின் உடலுக்குள் விரிய வேண்டியதில்லை. நேராக உள்ளே போய், தட்டை முகத்தால் வழியெல்லாம் சதையை இடித்துத் துளைத்து, மறுபக்கம் வெளியேறினால் போதும். எல்க் போன்ற பெரிய மானுக்கும் அமெரிக்க வேட்டைக்காரர்கள் இதை நம்புகிறார்கள். ஆனால் நூறு கெஜத்துக்குள், அசையாமல் நிற்கும் விலங்கின் நெஞ்சைக் குறிபார்க்கத் தெரிந்தவருக்கு மட்டுமே இந்தக் கணக்கு செல்லும்.

இதை முதலில் பிடிவாதமாகப் போட்டுப் பார்த்தவர்களில் பெயர்பெற்றவர் எல்மர் கீத் (1899–1984). ஐடஹோ மாநிலத்து மலைநாட்டில் மாடு மேய்த்து, வேட்டைக்கு வருகிறவர்களுக்கு வழிகாட்டியாகப் போய், மிச்ச நேரத்தில் துப்பாக்கிகளைப் பற்றி எழுதியவர். 1925இல் கனத்த குண்டு போட்ட தோட்டாவைச் சுட்டபோது அவருடைய .45 கோல்ட் ரிவால்வர் வெடித்துச் சிதறியது. அதற்குப் பிறகு அவர் .44 ஸ்பெஷல் என்ற தோட்டா ரகத்துக்கு மாறினார். காரணம் எளிது: சிலிண்டரின் வெளிச்சுற்று அதே அளவு, தோட்டா நுழையும் துளைகள் மட்டும் சற்றுச் சிறியவை, எனவே துளைக்கும் துளைக்கும் நடுவே கூடுதல் எஃகு. தமக்கென்று ஒரு குண்டையும் வடிவமைத்தார். 250 கிரெய்ன் எடை, அதாவது 16 கிராம். அகலமான தட்டை மூக்கு, குழலைப் பற்றிக்கொள்ள மூன்று பட்டைகள், மசகுக்கு ஓர் ஆழமான பள்ளம். லைமன் கம்பெனி 429421 என்ற எண்ணில் விற்ற அந்த அச்சு, ஈயம் வார்ப்பவர்கள் மத்தியில் பெயர் சொல்லத் தேவையில்லாத அளவுக்குப் பிரபலம். எண்ணைச் சொன்னாலே போதும்.

தம் தோட்டாவைச் செய்து விற்கும்படி கீத் பல ஆண்டுகள் கம்பெனிகளை நச்சரித்தார். 1955இன் கடைசியில் ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வரையும் ரெமிங்டன் தோட்டாவையும் செய்தன. அதுதான் .44 மேக்னம். .44 ஸ்பெஷலுக்கு வகுத்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 15,500 பவுண்டு, மேக்னத்துக்கு 36,000. இவ்வளவு அழுத்தமுள்ள தோட்டா பழைய துப்பாக்கிக்குள் தவறியும் நுழைந்துவிடக் கூடாது என்பதற்காகத் தோட்டாவின் பித்தளைக் கூட்டை மூன்று மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள். 1971இல் இந்த ரிவால்வரைக் காட்டிய ‘டர்ட்டி ஹாரி’ படம் வந்த பிறகு ஊரெல்லாம் அதைத் தேடியது வேறு கதை. வாங்கியவர்களில் பலர் ஒரு பெட்டித் தோட்டாவைச் சுட்டு முடிப்பதற்குள் கை ஓய்ந்திருப்பார்கள்.

கடையிலேயே தோட்டா கிடைக்கும்போது, குண்டை வார்த்துத் தோட்டாவை வீட்டில் ஏன் செய்ய வேண்டும்? பணம் மிச்சம் என்பார்கள். பித்தளைக் கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால் அது உண்மைதான். ஆனால் எனக்குத் தெரிந்து பெரிய காரணம் வேறு. ஈயக் குண்டு தன் துப்பாக்கிக்குப் பொருந்தினால்தான் ஒழுங்காக வேலை செய்யும். தொழிற்சாலைக்கு உங்கள் துப்பாக்கியின் அளவு தெரியாது. ரெமிங்டனின் ஆரம்பகால .44 மேக்னம் ஈயக் குண்டுகளே மென்மையாக இருந்ததால் குழலில் ஈயம் அப்பியது என்ற புகாருக்கு ஆளாயின.

ஈயம் அப்புவதுதான் இந்தத் தொழிலின் தீராத தலைவலி. இரண்டு மூன்று டஜன் சுட்டதும் குழலின் மரைகளுக்குள் சாம்பல் நிறப் படலம் ஒட்டிக்கொள்ளும், குறி தவறத் தொடங்கும். புதிதாக வருகிறவர் உடனே ஈயத்தைக் கடினமாக்கப் பார்ப்பார். சுத்த ஈயத்தின் கடினத்தன்மை பிரினெல் அளவில் 5. வெள்ளீயமும் ஆன்டிமனியும் சேரச் சேர அது ஏறும். ஒரு காலத்தில் கார் சக்கரங்களில் சமநிலைக்காக மாட்டும் ஈயத் துண்டுகளை டயர் கடைகளில் அள்ளி வந்து உருக்குவார்கள். அதன் கடினம் 12 வாக்கில். செய்தித்தாள் அச்சகங்கள் ஆஃப்செட்டுக்கு மாறியபோது கழித்துக்கட்டிய, எழுத்து வார்க்கும் லினோடைப் உலோகம் இன்னும் உயர்தரம்: நூற்றுக்கு 12 பங்கு ஆன்டிமனி, 4 பங்கு வெள்ளீயம், கடினம் 22.

அந்த வழி பெரும்பாலும் தப்பில்தான் முடியும். குழலின் பள்ளங்களைக் குண்டு முழுக்க அடைக்காவிட்டால், பின்னாலிருந்து வரும் கொதிக்கும் வாயு பக்கவாட்டு இடுக்கில் பீறிட்டு ஈயத்தை உருக்கி முன்னே தெளிக்கிறது. ஈயம் சற்று மென்மையாக இருந்தால் அழுத்தத்தில் குண்டின் அடிப்பகுதி புடைத்து அந்த இடுக்கைத் தானே மூடிக்கொள்ளும். கல்லாக இருந்தால் புடைக்காது. ஆகவே கடினத்தைவிட அளவு முக்கியம். .44 மேக்னம் குழலின் பள்ளத்தோடு சேர்ந்த விட்டம் 0.429 அங்குலம் என்றால் குண்டை 0.430 ஆக வைப்பார்கள். கூடுதலாக இருப்பது 0.025 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனில் பாதிகூட இல்லை. இதற்கும் முன்னால் ஒரு வாசல் உண்டு: சிலிண்டர் துளையின் முன்வாய். அது குழலைவிடக் குறுகலாக இருந்தால், எவ்வளவு பார்த்துப் பார்த்து வார்த்த குண்டையும் போகிற வழியிலேயே நசுக்கிச் சிறிதாக்கிவிடும். அனுபவசாலிகள் உலையை மூட்டுவதற்கு முன் மைக்ரோமீட்டரை எடுப்பது இதனால்தான். பிறகு பள்ளத்தில் தேன்மெழுகு கலந்த மசகு. வேகம் கூடுதலாக வேண்டுமென்றால் அடியில் ஒரு சின்னச் செப்பு மூடி.

வார்ப்பு வேலையில் பெரிய எதிரி தண்ணீர். உருகிய ஈயத்துக்குள் ஈரத் துண்டு ஒன்று விழுந்தால் நீர் நொடியில் ஆவியாகிச் சட்டியில் இருப்பதையெல்லாம் கூரைக்கு வீசும்.

தோட்டாவைக் கட்டும் வேலை இதைவிட அலுப்பானது. கூட்டைப் பழைய அளவுக்கு இறுக்குவது, மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரைப் பொருத்துவது, வாயைச் சற்று விரிப்பது, மருந்தை நிறுத்துப் போடுவது, குண்டை அமர்த்துவது. மேக்னம் ரிவால்வருக்கே உரிய கடைசிப் படி, கூட்டின் விளிம்பைக் குண்டின் பள்ளத்துக்குள் மடித்து இறுக்குவது. ஒரு தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கி பின்னால் எகிறும். காத்திருக்கும் மற்ற தோட்டாக்களின் கூடுகளும் அதோடு எகிறும், கனத்த குண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பிடி தளர்ந்திருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் சிறிது சிறிதாக வெளியே நழுவி, கடைசியில் சிலிண்டருக்கு வெளியே மூக்கை நீட்டி அது சுழலாமல் தடுத்துவிடும். எதிரே கரடி நிற்கும்போது இப்படி ஆனால் கையில் இருப்பது வெறும் இரும்பு.

ஆபத்து அதிகம் ஒளிந்திருப்பது எடையைக் கூட்டும் ஆசையில். 300 கிரெய்ன் குண்டு நீளமானது, கூட்டுக்குள் ஆழமாக இறங்கும், மருந்துக்கு இடம் குறையும், அழுத்தம் எகிறும். 250 கிரெய்ன் குண்டுக்கான மருந்து அளவை இதற்குப் போடுவது தற்கொலை முயற்சிக்குச் சமம். மெதுவாக எரியும் சில மருந்துகளில் அளவைக் கண்டபடி குறைப்பதும் கேடு. சரியாகப் பற்றாமல் குண்டு குழல் நடுவில் சிக்கிக்கொள்ளலாம், அடுத்த தோட்டா அதன் மேல் மோதும். மருந்துக் கம்பெனிகள் சோதித்து அச்சிட்ட கையேட்டைத் தவிர வேறெங்கிருந்தும் அளவு எடுக்காதவர்கள்தான் இந்தத் தொழிலில் விரல்களோடு கிழவராகிறார்கள்.

இப்போது கலிபோர்னியாவில் ஈயத்துக்கே இடமில்லை. 1982இல் வெறும் 22 ஆக ஒடுங்கிய கலிபோர்னியா காண்டர் கழுகுகள், வேட்டை மிச்சங்களில் கிடந்த ஈயத் துகளைத் தின்று சாவது தெரியவந்த பிறகு, 2019 ஜூலை 1 முதல் அங்கே வேட்டைக்கு ஈயக் குண்டு முழுத் தடை. உடலுக்குள் தூள் தூளாகச் சிதறுவது பெரும்பாலும் அதிவேக ரைபிள் குண்டுதான், நம் கனத்த குண்டு முழுசாக வெளியேறிவிடுமே என்று வார்ப்பவர்கள் வாதாடுகிறார்கள். வாதத்தில் பொருள் இருக்கிறது; ஆனால் எலும்பில் பட்டால் அதுவும் சிதறும், சட்டம் ரகம் பிரித்துப் பார்க்கவும் இல்லை. மாற்று, முழுச் செம்பில் கடைந்த குண்டு. ஈயம் 327 டிகிரியில் உருகும். செம்புக்கு 1,085 டிகிரி வேண்டும். கொல்லைப்புற அடுப்பில் அது நடக்காது, கடையில்தான் வாங்க வேண்டும்.