கிரவுண் போட்ட பல்லு ஏன் கொதிக்கிறது?

"போட முதல் ஒரு நோவும் இல்லை. போட்ட பிறகுதான் தம்பி கொதிக்குது. காசைக் குடுத்து நோவை வாங்கின கதையெல்லே இது" என்றார் பக்கத்து ஒழுங்கை மாமி. பல் சிகிச்சைப் பிரிவில் வேலை பார்த்து இளைப்பாறியவன் என்பதால், இணுவிலில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு இப்படிக் கேள்விகள் நடந்து வருவது வழக்கம். வந்தவருக்கு ஒரு பிளேன்ரீயும் பனங்கட்டித் துண்டும் உண்டு. மாமி பனங்கட்டியைத் தொடவில்லை. தேத்தண்ணியை நன்றாக ஆறவிட்டு, வாயின் வலப்பக்கத்தால் மட்டும் உறிஞ்சினார். "நரம்பு பழுதாப் போச்சு, புடுங்கிவிடு எண்டு எல்லாரும் சொல்லினம்."

எல்லாரும் என்றால் கோயில் வாசல், மருதனார்மடச் சந்தை, வட்ஸ்அப்பில் கனடாத் தங்கச்சி. அவர்கள் சொன்னதில் கொஞ்சம் சரியும் இருக்கிறது. கிரவுண் வேலை பல்லின் நரம்பைச் சோதிக்கிற வேலைதான். ஆனால் புடுங்குவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய.

பல்லின் மேலே எனாமல், அதற்குக் கீழே டென்ரின், நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அறைக்குள் இரத்தக் குழாய்களும் நரம்பிழைகளும் சேர்ந்த மெல்லிய சதை இருக்கிறது. பல் டொக்டர்மார் பற்கூழ் என்பார்கள், ஊரில் நரம்பு என்கிறோம். பல்லை மூடி மாட்டுகிற உறைதான் கிரவுண். அது சரியாக இருக்க வேண்டுமென்றால் பல்லைச் சுற்றி ஒன்று, ஒன்றரை மில்லிமீற்றர் அராவ வேண்டும். கடிக்கும் பக்கத்தில் 2 மில்லிமீற்றர் வரை போகும். எனாமலின் பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். அடுத்து வருவது டென்ரின். அதில் ஒரு சதுர மில்லிமீற்றருக்குள் பல்லாயிரம் நுண்குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் திரவம். குளிரோ காற்றோ பட்டால் அந்தத் திரவம் அசையும், அந்த அசைவைத்தான் உள்ளே இருக்கும் நரம்பிழை நோவாக உணர்கிறது என்று சுவீடன் ஆய்வாளர் மார்ட்டின் பிரன்ஸ்ட்ரோம் 1960களில் விளக்கினார். கிரவுணின் ஓரம் முரசடியில் பல்லோடு சரியாகப் பொருந்தாமல் டென்ரின் கொஞ்சம் வெளியே தெரிந்தால் இனிப்புக்கும் இதே கூச்சம் வரும். மாமியின் பனங்கட்டி தட்டிலேயே கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாகலாம்.

அராவும்போது வாயெல்லாம் தண்ணீர் தெளித்து நனைப்பார்களே, அது சூட்டைத் தணிக்க. 1965இல் சாக், கோஹன் என்ற இருவர் குரங்குகளின் பற்களில் செய்த பரிசோதனை இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. பற்கூழின் வெப்பம் 5.5 பாகை செல்சியஸ் கூடினாலே, ஏறத்தாழ நூற்றுக்குப் பதினைந்து பற்களின் கூழ் மீளவில்லை. பல்லுக்கு அது உயிர் போகிற அளவு.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. கிரவுண் தேவைப்படுகிற பல்லு ஏற்கெனவே அடிபட்ட பல்லு. முதலில் சூத்தை விழுந்திருக்கும், பிறகு அடைத்திருப்பார்கள், அடைத்தது உடைந்து திரும்ப அடைத்திருப்பார்கள், ஒரு பக்கம் வெடித்துமிருக்கும். ஒவ்வொரு முறையும் பற்கூழ் கொஞ்சம் வாடி, உள்ளேயிருந்து புது டென்ரின் போட்டுத் தன்னைக் காத்துக்கொண்டிருக்கும். நோவில்லாத பல்லு என்று மாமி நினைத்தது சத்தமில்லாமல் போராடிக்கொண்டிருந்த பல்லாக இருக்கலாம். கிரவுண் வேலை கடைசி அடி. ஹொங்கொங்கில் உயிருள்ள பற்களுக்குப் போட்ட கிரவுண்களைப் பின்தொடர்ந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில், பத்து ஆண்டு முடிவில் நூற்றுக்கு 84 பற்களின் கூழ் உயிரோடு இருந்தது. பக்கத்துப் பல்லில்லா இடைவெளிக்காகப் பாலம் தாங்கிய பற்களில் அது 71 மட்டும். எனவே பெரும்பாலான பற்கள் தப்பும். தப்பாதவற்றையெல்லாம் டொக்டரின் பிழை என்று எழுதிவிட முடியாது. அதேநேரம், "கொஞ்ச நாள் நோகத்தான் செய்யும்" என்ற பதிலோடு மாதக்கணக்கில் பொறுத்திருப்பதையும் நான் ஏற்க மாட்டேன்.

மாமியிடம் நான் எவ்வளவு நோகுது என்று கேட்கவில்லை. எவ்வளவு நேரம் நிக்குது என்றுதான் கேட்டேன்.

"குளிர்தண்ணி பட்டால் சுள்ளெண்டு பிடிக்கும். பிறகு விட்டிடும்."

"எத்தினை எண்ணுறதுக்குள்ள?"

"ஐஞ்சு எண்ண முதல்."

"சூடு பட்டால்?"

"சூட்டுக்கு ஒண்டுமில்லை. பயத்திலதான் ஆறவிடுறன்."

"ராவிலை எழுப்புதோ?"

"இல்லைத் தம்பி. கடிச்சால்தான்."

இந்த நாலு பதிலில் முக்கால்வாசிக் கதை இருக்கிறது. குளிருக்குச் சுள்ளென்று பிடித்து, குளிர் போனதும் தானும் போகிற நோவு, எரிச்சலுற்ற ஆனால் தேறக்கூடிய பற்கூழின் நோவு. சில கிழமைகளில் தானாகத் தணியும். பயப்பட வேண்டியது வேறு மாதிரி நோவு: குளிர் போன பிறகும் அரைநிமிடம், ஒருநிமிடம் என்று நிற்கிறது, ஒன்றும் படாமலே தானாக வருகிறது, இரவில் படுத்ததும் விண் விண் என்று தெறித்து எழுப்புகிறது. விரல் வீங்கினால் தோல் இழுபட்டு இடம் கொடுக்கும். பற்கூழ் வீங்க இடமே இல்லை, சுற்றிவரக் கல்லுப்போன்ற சுவர். படுத்தால் தலைப்பக்கம் இரத்த அழுத்தம் கூடி அந்த இறுக்கம் இன்னும் ஏறும். கடைசிக் கட்டத்தில் சூடு பட்டால் துடிக்கும், குளிர்தண்ணி பட்டால் ஆறும். தண்ணீர்ப் போத்தலோடு வந்து நிமிடத்துக்கொருமுறை ஒரு மிடறு வாயில் பிடித்துக்கொண்டு வரிசையில் காத்திருந்தவர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்களுடைய பல்லைப் பார்க்க முதலே போத்தலைப் பார்த்து நோயைச் சொல்லிவிடலாம்.

அதற்குப் பிறகு ஒருநாள் நோவு சட்டென்று நிற்கும். சனம் மகிழ்ந்துபோய் டொக்டரிடம் போவதை விட்டுவிடும். அனேகமாக அன்றுதான் பற்கூழ் செத்திருக்கும். நோவைச் சொல்ல ஆளில்லாததால் நோவில்லை. கிருமி வேர் நுனிக்கு இறங்கி, மாதமோ வருடமோ கழித்து முரசில் ஒரு சிறு கொப்புளமாகவோ, கன்னம் அதைத்தோ வெளிப்படும். ஸ்கொட்லாந்தில் 1998இல் வெளியான ஆய்வொன்றில், நரம்பு எடுக்காமல் கிரவுண் போட்ட பற்களில் நூற்றுக்கு 19இல் வேர் நுனிப் பாதிப்பின் அடையாளம் எக்ஸ்ரேயில் தெரிந்தது.

மாமியின் கதை அதுவல்ல. "கடிச்சால்தான்" என்று சொன்னாரே, அதுதான் திறப்பு. வாயை மெதுவாக மூடச் சொன்னேன். "மற்றப் பல்லு பட முதல் இதுதான் படுகுது" என்று அவரே சொன்னார். கிரவுண் கொஞ்சம் உயரம். விறைப்பு ஊசியோடு வாய் கிடக்கையில் "கடிச்சுப் பாருங்கோ, சரியோ?" என்று கேட்டால் யாருக்குச் சரி பிழை தெரியும்? விறைப்பு இறங்கிய பிறகு, ஒரு தலைமயிரைவிட மெல்லிய உயர வித்தியாசத்தைக்கூடப் பல்லு கண்டுபிடிக்கும். வேரைச் சுற்றியுள்ள சவ்வு ஒவ்வொரு கடியிலும் நசுங்கி அழன்றுவிடும். டொக்டர் நீலத்தாளைக் கடிக்க வைத்து, மை பிடித்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டால் வேலை முடிந்தது. கிரவுணுக்குப் பிறகு வருகிற கடி நோவுகளில் இது மிகச் சாதாரணம். இதற்குப்போய்ப் பல்லைப் புடுங்கியவர்களும் ஊரில் இருக்கலாம் என்று நினைக்கும்போதுதான் எனக்குக் கொதிக்கிறது.

கடிக்கும்போது நோகாமல், கடித்துவிட்டுத் தாடையைத் திறக்கும் கணத்தில் சுருக்கென்று பிடித்தால் அது வேறு. பல்லில் வெடிப்பு இருக்கலாம். கிரவுண் மறைத்திருப்பதால் கண்டுபிடிப்பது சிரமம். ஒவ்வொரு மேடாகக் கடிக்க வைத்துப் பார்ப்பார்கள்.

நரம்பு ஏற்கெனவே எடுத்த பல்லும் நோகலாம். மாமிக்கு இது நம்பக் கடினமாக இருந்தது. பல்லுக்குள் இருந்த சதையைத்தான் எடுத்தார்கள், வேரைச் சுற்றிய சவ்வின் உணர்வு அப்படியே இருக்கிறது. மேல் முதல் கொடுப்புப் பல்லில் நாலாவதாக ஒரு மெல்லிய குழாய் அடிக்கடி ஒளிந்திருக்கும். அதைத் தவறவிட்டால் உள்ளே கிருமி தங்கும்.

பற்கூழ் உண்மையிலேயே மீளாத நிலைக்குப் போயிருந்தாலும் கிரவுணை உடைத்தே ஆகவேண்டும் என்றில்லை. மேலே சிறு துளையிட்டு அதன் வழியாகவே நரம்பை எடுத்து வேர்ச்சிகிச்சை செய்து, துளையை அடைத்துவிடலாம்.

இனி, நரம்புப் பழுது என்று சனம் பயப்படுகிற இரண்டாவது காரியம். இது பல்லுக்குள் இருக்கும் சதை அல்ல, தாடை எலும்புக்குள் ஓடுகிற பெரிய நரம்பு. மூளையிலிருந்து வரும் ஐந்தாம் நரம்பின் ஒரு கிளை கீழ்த்தாடைக் குழாய்க்குள் நுழைந்து, கீழ்ப்பற்களுக்கெல்லாம் உணர்வு கொடுத்து, கடைசியில் நாடிக்கும் கீழ்ச்சொண்டுக்கும் வெளியே வருகிறது. இப்படி உடம்பைத் தமிழில் விளக்குவது எங்கள் பக்கத்துக்குப் புதிதல்ல. பக்கத்து மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன், கிறேயின் உடற்கூற்று நூலை "மனுஷ அங்காதிபாதம்" என்று 1872இலேயே தமிழில் கொண்டுவந்துவிட்டார்.

கிரவுணுக்காகப் பல்லை அராவுவதால் இந்த நரம்பு பழுதாகாது, அது வெகுதூரத்தில் இருக்கிறது. வரக்கூடிய ஆபத்து விறைப்பு ஊசியால், அல்லது வேர்ச்சிகிச்சை மருந்து வேர் நுனியைத் தாண்டி இறங்குவதால். ஊசியால் நிலையான பாதிப்பு வருவது பல்லாயிரத்தில் ஒருவருக்கு. அடையாளம் நோவைவிட விறைப்பு: ஊசியின் வேலை சில மணித்தியாலங்களில் முடிந்துவிட வேண்டும். அடுத்தநாளும் சொண்டோ நாக்கோ நாடியோ மரத்துக் கிடந்தால், எறும்பு ஊர்வதுபோல இருந்தால், உடனே போய்ச் சொல்லிப் பதிய வைக்க வேண்டும். வேர்ச்சிகிச்சைக்குப் பிறகென்றால் மணித்தியாலங்களே முக்கியம். இணுவில் நாதஸ்வரக்காரர் நிறைந்த ஊர். சீவாளியைப் பிடிக்கிற சொண்டு மரத்துப்போனால் அது தொழிலே போன மாதிரி. வாசிக்கிறவர்கள் ஊசி போடுமுன் தங்கள் தொழிலை டொக்டரிடம் சொல்லிவைப்பது நல்லது.

பல்லுக்கொதி மாதிரி வந்து பல்லோடு சம்பந்தமே இல்லாத நோவும் உண்டு. முகம் கழுவும்போது, பல்லுத் தீட்டும்போது, சில வேளை காற்றுப் பட்டாலே, மின்சாரம் தாக்கினமாதிரி ஒருபக்கக் கன்னத்தில் சில விநாடி வெட்டிவிட்டுப் போகும். ஐந்தாம் நரம்பின் அந்த நோய் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களில் கூடுதல். அதைப் பல்லென்று நினைத்து ஒன்றன்பின் ஒன்றாகப் புடுங்கியும் நோவு போகாதவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அதற்குரியது கார்பமசெபின் போன்ற மருந்து. எழுதித் தரவேண்டியவர் வைத்தியர். நடந்தால் கூடி, இருந்தால் குறைகிற இடக் கீழ்த்தாடை நோவென்றால் பல் டொக்டரைத் தேடாமல் இருதயத்தைப் பார்க்கப் போக வேண்டும்.

மருந்து விஷயத்தில் மாமியோடு சண்டை பிடிக்க வேண்டியிருந்தது. பாமசியில் வாங்கிய அமொக்சிசிலின் பாதி அட்டை அவர் பையில் கிடந்தது. வீக்கமோ காய்ச்சலோ இல்லாத பல்லுக்கொதிக்கு அன்ரிபயோற்றிக் உதவாது. அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2019இல் இதை வழிகாட்டியாகவே எழுதிவைத்தது. பரசிற்றமோல் போதும். வயிற்றுப்புண், சிறுநீரக வருத்தம் இல்லாதவருக்கு இபுபுரோபன் நன்றாகக் கேட்கும். ஆனால் மாரி காலத்தில் காய்ச்சலும் சேர்ந்திருந்தால் அதைத் தொடவே கூடாது, டெங்குவாக இருந்தால் இரத்தக் கசிவில் கொண்டுபோய் விடும். கராம்பு எண்ணெய் பஞ்சில் ஒரு சொட்டு என்றால் சரி, ஊற்றினால் முரசு வெந்துபோகும். நாடிக்குக் கீழே வீங்கி, விழுங்கவோ வாய் திறக்கவோ மூச்சு விடவோ கஷ்டமென்றால் விடியும்வரை காத்திருக்காமல் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு ஓட வேண்டும்.

எழும்பும்போது மாமி கனடாத் தங்கச்சியின் கதைக்கு வந்தார். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறாவாம், மூன்று கிழமை லீவு, அதற்குள் நாலு கிரவுண் போட்டுக்கொண்டு போகப் போகிறாவாம். அங்கே போடுகிற காசில் இங்கே நாலு போடலாம்தான். எனக்கு அந்த அவசரம்தான் பிடிக்கவில்லை. பல்லு அராவிய பிறகு தற்காலிகக் கிரவுணோடு சில நாள் விட்டுப் பார்த்து, நோவு எந்தப் பக்கம் போகிறதென்று தெரிந்த பிறகு நிரந்தரமாக ஒட்டுவது நல்லது. "வந்து இறங்கின கிழமையே முதல் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கோ மாமி, தேர் முடியட்டும் எண்டு இருக்க வேண்டாம். அராவ முதல் எடுத்த எக்ஸ்ரேயையும், ஒட்டின பிறகு எடுத்ததையும் போனில வாங்கி வைச்சிருக்கச் சொல்லுங்கோ. அங்க போய் நொந்தால் அந்த டொக்டருக்கு இது ரெண்டும் வேணும்."

"நாலையும் ஒண்டாப் போடலாமோ?"

"நோகிறது எது எண்டு கண்டுபிடிக்க வேண்டாமோ மாமி? ரெண்டு ரெண்டாப் போடச் சொல்லுங்கோ."