ஸ்லாட் இருக்கிறது, லேன் இருக்கிறதா?

2017-இல் ஆசுஸ் நிறுவனம் ஒரு விசித்திரமான மதர்போர்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெயர் பி250 மைனிங் எக்ஸ்பர்ட். ஒரே போர்டில் 19 கிராபிக்ஸ் கார்டுகளை இணைக்கலாம். அத்தனைக்கும் மின்சாரம் ஊட்ட, வழக்கமாக ஒன்றே இருக்கும் 24 பின் இணைப்பு இதில் மூன்று. கிரிப்டோ நாணயம் தோண்டியவர்களுக்காகவே செய்யப்பட்ட போர்டு அது.

அந்த 19 ஸ்லாட்டுகளில் நீளமானது ஒன்றே ஒன்றுதான். மற்ற 18-ம் ஓர் அங்குலக் குட்டி ஸ்லாட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு லேன். பிராசசர் பக்கமிருந்து கார்டுக்குத் தரவு போய்வரும் தடத்துக்குத்தான் லேன் என்று பெயர். பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 தலைமுறையில் ஒரு லேன் வினாடிக்குச் சுமார் 2 ஜிபியை ஒரு திசையில் கடத்தும். 16 லேன் சேர்ந்தால் சுமார் 32 ஜிபி. 3.0-இல் இதில் பாதி, 5.0-இல் இரு மடங்கு. நாணயம் தோண்டும் வேலையில் கணக்கெல்லாம் கார்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும். வெளியே போய்வருவது சொற்பம். அதனால் ஒரு லேனே போதுமாக இருந்தது. 2022 செப்டம்பர் 15 அன்று எத்தீரியம் தன் முறையை மாற்றிக்கொண்டு கிராபிக்ஸ் கார்டுகளுக்கு விடை கொடுத்த பிறகு, இத்தகைய போர்டுகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. செகண்ட்ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு வேலைக்கு அதை வாங்கினால் கை சுடும்.

ஆகவே ஒரே கணினியில் இரண்டு கார்டு மாட்ட நினைப்பவர், போர்டைத் தேடுவதற்கு முன்பே அவை எதற்கு என்பதைத் தீர்மானித்துவிட வேண்டும். கேம் விளையாடத்தான் என்றால் அந்த எண்ணத்தை இப்போதே கைவிடலாம். 1998-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ2 கார்டுகளை ஜோடியாக மாட்டினார்கள். 2004-இல் என்விடியா எஸ்எல்ஐ என்ற பெயரில் அதற்கு மறுவாழ்வு கொடுத்தது. அடுத்த ஆண்டே ஏடிஐ கிராஸ்ஃபயரோடு வந்தது. அந்தக் காலம் முடிந்துவிட்டது. 2021 தொடக்கத்தோடு புதிய எஸ்எல்ஐ புரொஃபைல்கள் சேர்ப்பதை என்விடியா நிறுத்திக்கொண்டது. 2022-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090-இல் இரு கார்டுகளைப் பிணைக்கும் இணைப்பானே இல்லை. பழைய போர்டின் பெட்டியில் எஸ்எல்ஐ முத்திரை பளபளப்பதைக் காட்டி யாராவது கூடுதல் விலை சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம்.

இன்று இரண்டாவது கார்டால் உண்மையாகவே பலன் பெறுபவர்கள் இரு வகை. பிளெண்டர், ஆக்டேன் போன்ற மென்பொருள்களில் முப்பரிமாணக் காட்சிகளை ரெண்டர் செய்பவர்கள் ஒரு வகை. செயற்கை நுண்ணறிவு மாடல்களைச் சொந்தக் கணினியில் ஓட்டிப் பார்ப்பவர்கள் இன்னொரு வகை. ரெண்டரிங்கில் கார்டு கூடக் கூட வேகமும் ஏறக்குறைய அதே அளவில் கூடும். ஆனால் நினைவகம் கூடாது. 24 ஜிபி கார்டு இரண்டு இருந்தாலும் பொதுவாக முழுக் காட்சியும் ஒவ்வொரு கார்டுக்குள்ளும் தனித்தனியாக அடங்கியாக வேண்டும். மொழி மாடல்களில் நிலைமை வேறு: மாடலின் அடுக்குகளைப் பிரித்துப் பாதியை ஒரு கார்டிலும் மீதியை இன்னொன்றிலும் வைக்கலாம். 7,000 கோடி அளவுருக்கள் கொண்ட மாடலை 4 பிட்டுக்குச் சுருக்கினால் சுமார் 40 ஜிபி வரும். 24 ஜிபி உள்ள ஆர்டிஎக்ஸ் 3090 ஒன்றில் அது நுழையாது, இரண்டில் நுழையும்.

இந்த இரண்டு வேலைகளுக்குமே அகலமான பாதை அவ்வளவாகத் தேவையில்லை. காட்சியோ மாடலோ கார்டில் ஒருமுறை ஏறிவிட்டால் பிறகு போய்வருவது குறைவு. நான்கு லேனிலேயே வண்டி ஓடும், ஏற்றுவதற்குத்தான் சற்று நேரமாகும். மாடலுக்குப் பயிற்சி கொடுப்பது, ஒவ்வொரு அடுக்கையும் குறுக்கே பிளந்து எல்லாக் கார்டுகளிலும் ஒரே நேரத்தில் கணக்கிடுவது என்று இறங்கினால்தான் கார்டுகள் ஓயாமல் ஒன்றோடொன்று பேசிக்கொண்டிருக்கும். அங்கே கார்டுக்கு எட்டு லேனாவது வேண்டும்.

கடையில், "ரெண்டு ஸ்லாட் இருக்கு சார், தாராளமா போடலாம்" என்பார்கள். பொய்யில்லை. நீளமான ஸ்லாட் இரண்டு கண்ணுக்குத் தெரியத்தான் செய்யும். ஆனால் லேனைத் தருவது பெரும்பாலும் பிராசசர். அதனிடம் இருப்பதோ எண்ணி வைத்தது போலத்தான். ஏஎம்டியின் ரைசன் 7000, 9000 வரிசைகளில் பயன்படுத்தக் கிடைப்பவை 24. அதில் கிராபிக்ஸுக்கு 16, மற்றவை எஸ்எஸ்டி போன்றவற்றுக்கு. இன்டெல் 12 முதல் 14-ஆம் தலைமுறை வரை கிராபிக்ஸுக்கு 16, எஸ்எஸ்டிக்கு 4. ரைசன் 7000, 9000 பொருந்தும் அதே ஏஎம்5 சாக்கெட்டில் உட்காரும் ரைசன் 8700ஜி கிராபிக்ஸ் கார்டுக்குக் கொடுப்பது எட்டே லேன். சாக்கெட் பொருந்துகிறது என்பதற்காக அதை வாங்கினால் இரண்டு கார்டு ஆசை அங்கேயே அடிபட்டுப் போகும்.

அந்த 16-ஐ எட்டு எட்டாகப் பிரித்து இரு ஸ்லாட்டுகளுக்கும் கொடுக்கும் போர்டு ஒரு ஜாதி. முதல் ஸ்லாட்டுக்கே 16-ஐயும் கொடுத்துவிட்டு, இரண்டாவதைச் சிப்செட்டின் தயவில் விடும் போர்டு இன்னொரு ஜாதி. நடுத்தர விலையில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டாவது ஜாதிதான். அங்கே இரண்டாம் ஸ்லாட்டுக்கு நான்கு லேன், சிலவற்றில் அதற்கும் கீழே. ஏஎம்5 போர்டுகளில் சிப்செட்டே பிராசசரோடு நான்கு லேன் 4.0 பாதையில்தான் இணைகிறது. அந்த 8 ஜிபியைத்தான் யுஎஸ்பி, நெட்வொர்க், கூடுதல் எஸ்எஸ்டி எல்லாம் கார்டோடு பங்குபோட்டுக்கொள்கின்றன.

எந்த ஜாதி என்று கண்டுபிடிக்க மேனுவலின் ஒரு பக்கம் போதும். விரிவாக்க ஸ்லாட்டுகள் பற்றிய பகுதியில், பிராசசரின் பெயருக்குக் கீழே "எக்ஸ்16 அல்லது எக்ஸ்8/எக்ஸ்8" என்று இருந்தால் நல்லது. ஆசுஸ் புரோஆர்ட் எக்ஸ்670இ கிரியேட்டர் அப்படிப்பட்ட போர்டு. இரண்டாம் ஸ்லாட் சிப்செட்டின் பெயருக்குக் கீழே "எக்ஸ்4 வரை" என்று வந்தால் அது மற்ற ஜாதி. போர்டு கையில் இருந்தால் இன்னும் சுலபம்: ஸ்லாட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கலாம். பல போர்டுகளில் முன்பக்கம் கொஞ்ச தூரத்துக்கு மட்டும் உலோகத் தொடுமுனைகள் வரிசையாக இருக்கும். மிச்ச நீளம் வெறும் பிளாஸ்டிக் பள்ளம். பக்கத்திலிருக்கும் எம்.2 பற்றிய குறிப்பையும் படிக்க வேண்டும். இன்டெல்லின் அந்தத் தலைமுறைகளில் 5.0 எஸ்எஸ்டிக்கென்று பிராசசரில் தனி லேன் கிடையாது. பிராசசர் வழியாக அப்படியொரு எம்.2 இருந்தால், அதில் எஸ்எஸ்டியைச் செருகியதும் கிராபிக்ஸின் 16-லிருந்துதான் லேன் கழியும்.

லேன் கணக்கு சரியாக வந்தாலும் இடக் கணக்கு இடிக்கும். போர்டில் ஸ்லாட் இருக்கைகளுக்கு இடையே 20.32 மில்லிமீட்டர். பல ஏடிஎக்ஸ் போர்டுகளில் நீள ஸ்லாட்டுகள் இரண்டாம் இருக்கையிலும் ஐந்தாம் இருக்கையிலும் அமைந்திருக்கும். அதாவது 61 மில்லிமீட்டர் இடைவெளி. என்விடியாவே வெளியிட்ட 4090 கார்டின் தடிமனும் அதே 61 மில்லிமீட்டர்! ஒரு தாள் செருகக்கூட இடமிருக்காது. மேல் கார்டின் விசிறிகள் கீழ் கார்டின் முதுகில் முட்டிக்கொண்டு சுற்றும். சூடேறி வேகம் குறையும். இரண்டு ஸ்லாட் தடிமனுள்ள, காற்றைப் பின்புறமாக வெளியே ஊதித் தள்ளும் புளோயர் வகைக் கார்டு ஒரு வழி. இரண்டாவது கார்டை ரைசர் கேபிளில் தள்ளி நிறுத்துவது இன்னொன்று. 350 வாட் 3090-க்கு மென்பொருளில் 280 வாட் வரம்பு வைத்தாலும் வேகத்தில் இழப்பு குறைவு. வெப்பம் நன்றாகவே தணியும். செலவே இல்லாத இந்த வழியைத்தான் முதலில் முயல வேண்டும்.

மூன்று, நான்கு கார்டு என்று ஆசை வளர்ந்தால் வீட்டுப் பிராசசர்கள் கைவிரித்துவிடும். ஏஎம்டியின் திரெட்ரிப்பர் 7000 வரிசை 48 லேன்களை 5.0 வேகத்தில் தருகிறது. திரெட்ரிப்பர் புரோ 128 தருகிறது. இன்டெல் ஜியான் டபிள்யூ 3400 வரிசையில் 112. அறிமுக விலையில் 24 கோர் திரெட்ரிப்பர் 7960எக்ஸ் மட்டுமே 1,499 டாலர். அதற்கேற்ற போர்டும் சர்வர் ரக மெமரியும் தனிச் செலவு. ஏற்கெனவே வீட்டில் இருக்கும் டிடிஆர்5 மெமரி அதில் வேலை செய்யாது.

கையைக் கடிக்காத வழி, சர்வர்களிலிருந்து கழித்துக்கட்டிய எபிக் 7002 பிராசசர். 2019-இல் வந்தது, 128 லேன், 4.0 வேகம். ஏஎஸ்ராக் ரேக் நிறுவனத்தின் ரோம்இடி8-2டி போர்டு சாதாரண ஏடிஎக்ஸ் அளவுதான். அதில் முழு நீள 4.0 ஸ்லாட்டுகள் ஏழு. ஒரு எச்சரிக்கை: சில சர்வர் நிறுவனங்கள் தங்கள் இயந்திரத்தில் ஓடிய எபிக் பிராசசரை வேறு நிறுவனப் போர்டில் உயிர்பெறாதபடி நிரந்தரமாகப் பூட்டிவிடுகின்றன. விற்பவரிடம் அது பூட்டில்லாத சில்லா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

மின்சாரத்தைக் கடைசியில் யோசிப்பதுதான் வழக்கம். 450 வாட் கார்டு இரண்டு, பிராசசர், மற்றவை எல்லாம் சேர்த்து 1,300 வாட்டைத் தொடும். எஸ்எம்பிஎஸ்ஸில் வீணாவதையும் கூட்டினால் 1,400-ஐத் தாண்டலாம். வீட்டுச் சுவரில் இருக்கும் சின்ன 6 ஆம்பியர் பிளக் 230 வோல்ட்டில் தாங்குவது 1,380 வாட். ஏசி, கீசருக்குப் போடும் 16 ஆம்பியர் பாயின்ட் பக்கத்தில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டுத்தான் மேசையின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். வீடுகளில் சாதாரணமாக இருக்கும் 600 விஏ யுபிஎஸ் இந்தச் சுமைக்கு ஒரு நொடிகூடத் தாங்காது.

எல்லாம் மாட்டியபின் இரண்டாவது கார்டு திரையில் தெரியவில்லை என்றால், கடைக்கு ஓடுமுன் பயாஸுக்குள் போய் "அபவ் 4ஜி டீகோடிங்" இயங்குகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய போர்டுகளில் அது அணைந்தே இருக்கும். பிறகு ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், ஒவ்வொரு கார்டும் எத்தனை லேனில் ஓடுகிறது என்று ஒரே வரியில் காட்டும். சும்மா இருக்கும்போது கார்டு மின்சாரத்தை மிச்சப்படுத்தத் தலைமுறையைத் தாழ்த்திக்கொள்ளும்; அதனால் பக்கத்திலுள்ள கேள்விக்குறியை அழுத்திக் கொஞ்சம் வேலை கொடுத்துவிட்டுத்தான் அந்த வரியைப் படிக்க வேண்டும். போர்டைத் திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் இதைச் செய்துவிடுவது நல்லது.