மாடு வாங்குமுன் உண்ணியைக் கேளுங்கள்

சில வருடங்களுக்கு முன் நுவரெலியாப் பக்கமிருந்து இரண்டு கலப்பினக் கறவை மாடுகளை வாங்கி, அம்பாறை மாவட்டத்திலுள்ள எமது ஊருக்குக் கொண்டு வந்தேன். மூன்றாவது வாரம் இரண்டும் தீன் எடுக்கவில்லை. உடம்பு நெருப்பாய்ச் சுட்டது. ஒன்றின் சிறுநீர் கோப்பி நிறத்தில் போனது.

"இப்பவே இறைச்சிக்குக் குடுங்க ஹாஜியார், பாதிக் காசாவது மிஞ்சும்" என்றார் தரகர். நோயை மறைத்து விற்க மார்க்கம் அனுமதிக்கவில்லை. மிருக வைத்தியரை அழைத்தேன். ஒன்று அன்றிரவே இறந்தது. மற்றது ஊசி மருந்தினால் பிழைத்தது, அல்ஹம்துலில்லாஹ்.

அதே தரவையில் மேய்ந்த ஊர் மாடுகளுக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டேன். வைத்தியர் விளக்கினார். இது 'பபேசியா' என்னும் இரத்தக் கிருமி. மாட்டு உண்ணி கடிக்கும்போது அதன் எச்சில் வழியே இரத்தத்தில் இறங்கும். செங்கலத்துக்குள் புகுந்து இரண்டாகப் பிரியும். கலத்தை உடைத்து அடுத்ததற்குத் தாவும். உடைந்த கலங்களின் சிவப்புத்தான் சிறுநீரில் வருகிறது.

இரத்தம் குடித்த பெண் உண்ணி நிலத்தில் விழுந்து 2000, 3000 முட்டைகள் இட்டுச் சாகும். கிருமி அந்த முட்டைக்குள்ளும் போய்விடும். பொரிக்கும் குஞ்சுகள் கிருமியோடு புல் நுனியில் ஏறி, அடுத்த மாட்டுக்காகக் காத்திருக்கும். உண்ணியே இந்நோயைப் பரப்புகிறது என்பதை 1893 இல் அமெரிக்காவில் ஸ்மித், கில்போர்ன் என்போர் நிறுவினர்.

எமது பகுதி மாடுகள் கன்றிலேயே இக்கிருமியைச் சந்தித்து எதிர்ப்புச் சக்தி பெறுகின்றன. உண்ணித் தொல்லை குறைந்த குளிர்ப் பிரதேசத்தில் வளர்ந்த மாட்டுக்கு அது இல்லை. விலை கூடிய மாடுதான் முதலில் விழுகிறது.

ஆகவே, வாங்குமுன் மாடு எங்கே வளர்ந்தது என்று விசாரியுங்கள். காது, மடி, வாலடியில் உண்ணி பாருங்கள். முதல் மாதம் தினமும் காய்ச்சல் பாருங்கள்; கண்டால் அன்றே வைத்தியரை அழையுங்கள். உண்ணி மருந்தை ஒருமுறை அடித்து விட்டுவிடாதீர்கள். புல்லில் உள்ளவை மீண்டும் ஏறும். ஊசி போட்ட மாட்டின் பாலையும் இறைச்சியையும் எத்தனை நாள் விற்கக் கூடாதென்றும் கேட்டறியுங்கள்.

நான் இப்போது மாட்டின் விலையோடு வைத்தியச் செலவையும் சேர்த்தே கணக்குப் பார்க்கிறேன். அதற்கும் காசு இருந்தால்தான் மலைநாட்டுக்கு லொறி அனுப்புவேன்.