வழவழப்பாகத் தேய்த்த பலகை, பெயின்ட் பட்டதும் சொரசொரப்பாவது ஏன்?

உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்த பலகைதான். முதல் கோட் காய்ந்ததும் தடவிப் பாருங்கள், கையை உறுத்தும். பெயின்ட் மட்டம் என்று கடைக்காரரைத் திட்டத் தோன்றும். அவர் பாவம், வேலையைக் காட்டியது மரம்.

மரம் என்பது நீளவாக்கில் நெருக்கி அடுக்கிய நுண்குழல்களின் கட்டு. மரம் நின்றபோது அவற்றில் பலவற்றின் வழியாகத்தான் வேர்நீர் மேலேறியது. உப்புத்தாள் இந்தக் குழல் நார்களைச் சுத்தமாக வெட்டுவதில்லை. சிலவற்றைப் பாதி அறுத்து, பலகையோடு அழுத்திப் படுக்க வைத்துவிடுகிறது.

ஒற்றையடிப் பாதையோரம் மிதிபட்டுக் கிடக்கும் புல்லைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மழை போதும், நிமிர்ந்துவிடும். இங்கே நடப்பதும் அதுதான். பெயின்ட்டில் கலந்த தண்ணீரை உறிஞ்சி நார்கள் உப்புகின்றன, எழுகின்றன. பெயின்ட் காய்ந்து அவற்றை அப்படியே விறைப்பாக நிறுத்திவிடுகிறது. தண்ணீர் கலக்காத எண்ணெய் எனாமலில் இந்தத் தொல்லை குறைவு.

என்ன செய்யலாம்? எழப்போவதை நாமே முன்கூட்டி எழுப்பிவிட வேண்டும்!

120-ஆம் எண் தாளால் ரேகை ஓடும் திசையிலேயே தேயுங்கள். (குறுக்கே விழுந்த கீறல் பெயின்ட்டுக்கு மேலும் பல்லிளிக்கும்.) பிழிந்த ஈரத்துணியால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். எழுந்து நிற்கும் நார்களை 220-ஆம் எண் தாளால் மெல்ல நீவி எடுங்கள். அழுத்தினால் புது நார்கள் படுத்துக்கொள்ளும், வேலை வீண். தூசி துடைத்த பிறகு பிரைமர்.

பலகையின் வெட்டுமுனையில் குழல்கள் வாய் திறந்தே இருக்கும். பிரைமரைக் குடித்துக்கொண்டே போகும். அங்கே மட்டும் இரண்டு கோட் அடித்துவிடுங்கள்.