நின்றால் ஓடும், முறுக்கினால் திணறும்



அந்தமான் தீவுகளில் குடியேறி வாழும் நம்மவர் பலருக்கு மோட்டார் சைக்கிள் ஆடம்பரப் பொருளன்று. விடியுமுன் படகுத்துறைக்குக் காய்கறி கொண்டு செல்பவருக்கும், இரவுப் பணிக்காக மருத்துவமனை செல்லும் செவிலிக்கும் அதுவே கால். வண்டி நின்றுவிட்டால் கப்பல் நமக்காகக் காத்திராது. நோயாளியும் காத்திருக்க இயலாது. ஆகவே, இவ்வாகனத்தில் அடிக்கடி நேரும் ஒரு கோளாற்றைக் குறித்து இன்று சிந்திப்போம்.

உதைத்தவுடன் எஞ்சின் உயிர் பெறுகிறது; நின்ற இடத்தில் சீராக ஓடுகிறது. ஆனால் ஆக்சிலேட்டரை முறுக்கியதும் வேகம் ஏறுவதற்குப் பதிலாகத் திணறுகிறது. மேலும் முறுக்கினால் அடங்கிப் போகிறது. உடனே கார்புரேட்டரையே மாற்றிவிடலாம் என்று நினைப்பவர் உண்டு. சென்னையிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கும் மேல் கடல் கடந்து வரவேண்டிய உதிரிப்பாகத்திற்குப் பணமும் வேண்டும், பொறுமையும் வேண்டும். ஆதலின், வாங்குமுன் ஆராய்வது நலம்.

முதலில், எஞ்சின் நின்ற நிலையில் ஓடுவதே நமக்கு ஒரு செய்தி சொல்கிறது. பொறி விழுகிறது, அழுத்தம் ஓரளவேனும் இருக்கிறது, பெட்ரோலும் சிறிது வருகிறது. அப்படியானால் முறுக்கும்போது மட்டும் எது தவறுகிறது?

கார்புரேட்டருக்குள் பெட்ரோல் செல்ல இரு வழிகள் உள்ளன. நின்றோடும்போது ஸ்லோ ஜெட் என்னும் நுண்துளை வழியாகச் சிறிதளவு செல்கிறது. முறுக்கும்போது உள்ளிருக்கும் தடுப்பு உயர்ந்து, அதனுடன் ஊசியும் மேலெழும்ப, மெயின் ஜெட் வழியாக மிகுதியான பெட்ரோல் பாய்கிறது. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்று வேண்டும். இவ்விகிதம் பெரிதும் குலைந்தால் எஞ்சின் திணறும். முதல் வழி செவ்வையாக இருந்து இரண்டாம் வழி அடைபட்டால், நாம் கூறிய கோளாறு தோன்றும்.

குறை எப்பக்கம் என்பதை அறிய எளிய சோதனை ஒன்றுண்டு. எஞ்சின் ஓடும்போது சோக்கைப் பாதியளவு இழுத்து மெல்ல முறுக்கிப் பாருங்கள். சோக் பெட்ரோலின் பங்கை மிகுதியாக்குவது. அதனால் ஓட்டம் தேறினால் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். திணறல் மிகுந்து கரும்புகை வந்தால், பெட்ரோல் மிகுதி அல்லது காற்றுக் குறைவு. எவ்வித மாறுதலும் இல்லையெனில், பொறியையும் சைலன்ஸரையும் ஐயுறலாம். ஸ்பார்க் பிளக்கின் முனையும் சான்று கூறும். வெளிறியிருந்தால் பெட்ரோல் குறைவு; கரி படிந்திருந்தால் மிகுதி; காப்பிப்பொடி நிறமே நலத்தின் அடையாளம்.

பெட்ரோல் குறைவானால் டாங்கியிலிருந்தே தொடங்குக. சிறிது தூரம் ஓடிய பின்னரே திணறல் தோன்றினால், எஞ்சினை நிறுத்தி டாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் ஓசை கேட்டு, பின் வண்டி நன்கு ஓடினால், மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. அடுத்து, குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் பிடியுங்கள். சொட்டுச் சொட்டாக வந்தால் வடிகட்டியில் அழுக்கு. தாராளமாக வந்தால், கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தை நோக்குங்கள். அங்கே பெட்ரோலுக்கு அடியில் முத்துப் போலத் திரண்டு கிடப்பது தண்ணீர். இத்தீவுகளில் இரு பருவக்காற்றுகளாலும் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. பாதி நிரம்பிய டாங்கியில் ஈரம் படிவதில் வியப்பில்லை.

மெயின் ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் துளை தெரிய வேண்டும். கம்பியால் குத்தாதீர்கள், பித்தளைத் துளை அகன்றுவிடும். நமக்கு எளிதிற் கிடைக்கும் மெல்லிய தூண்டில் நரம்பே போதும். ரப்பர் சவ்வு பொருத்திய கார்புரேட்டராயின், மேல்மூடியைத் திறந்து சவ்வையும் வெளிச்சத்தில் பாருங்கள். அதில் ஊசிமுனை அளவு கிழிசல் இருந்தாலும் தடுப்பு முழுமையாக உயராது.

காற்றுக் குறைவானால், ஏர் பில்டர் நனைந்துள்ளதா, சோக் திரும்பாமல் சிக்கியுள்ளதா என்று காண்க. நெடுநாள் நிறுத்திய வண்டியில் குளவி, சைலன்ஸரில் மண்கூடு கட்டியிருக்கவும் கூடும். போன புகை வெளியேறாவிடில் புதுக் காற்று எவ்வாறு நுழையும்?

உப்புக் காற்று செய்யும் தீங்கு தனி. ஆக்சிலேட்டர் கம்பி துருவேறிச் சிக்கினால், கை முறுக்கினாலும் தடுப்பு முழுதும் உயராது. இதை முதலிலேயே பார்த்துவிடுவது உத்தமம். 1955-இல் சென்னையில் தொடங்கப்பட்ட என்பீல்டு இந்தியாவின் பழைய புல்லட் போன்ற வண்டிகளில், வேகம் கூடுந்தோறும் பொறியை முன்கூட்டியே விழச் செய்யும் சிறு எடைகளும் சுருள்வில்களும் உண்டு. அவை துருவேறி இறுகினால், எஞ்சின் நின்றோடும். வேகம் மட்டும் ஏறாது. சைலன்ஸர் அளவு மீறிச் சூடாகும். மேலும், முறுக்கும்போது உள்ளே அழுத்தம் மிகுவதால் பலவீனமான பொறி அணைந்துவிடும். ஆதலின் புதிய பிளக் ஒன்றை மாற்றிப் பார்ப்பது செலவு குறைந்த சோதனை.

2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிக்குப் பின் விற்பனையான பெரும்பாலான வண்டிகளில் கார்புரேட்டர் இல்லை. மின்பம்பு அழுத்தத்துடன் பெட்ரோலைச் செலுத்துகிறது. அவற்றில் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்று முதலில் காணுங்கள். மின் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால் அதை நீக்கி உலர்த்துவது பயன் தரும். பம்பின் அழுத்தத்தை அளப்பது கருவியுடையார் பணி.

ஓர் எச்சரிக்கை. பெட்ரோலைத் திறக்கும்போது அருகே பீடியோ விளக்கோ கூடாது. எஞ்சின் குளிர்ந்த பின்னரே கழற்றுங்கள். மூடிய அறைக்குள் வண்டியை ஓடவிடாதீர்கள். அப்புகை ஆளைக் கொல்லும். கோளாறுள்ள வண்டியுடன் சரிவுச் சாலையில் பேருந்தை முந்த முயல்வதும் உயிருக்கு உலை வைக்கும்.

ஒரு நேரத்தில் ஒரே ஒன்றை மாற்றுங்கள். மாற்றியதும் ஓட்டிப் பாருங்கள். பலவற்றை ஒருங்கே மாற்றியவர் நோய் இன்னதென்று அறியாமலே மருந்துக்குப் பணம் கொடுத்தவராவார். நாடி பிடித்துப் பின் மருந்து கொடுப்பது நம் வைத்தியர் மரபு. எஞ்சினுக்கும் அதுவே பொருந்தும்.